கேட்வேயில எண்ணை எழுதாதீங்கோ, பெயரை எழுதுங்கோ



இந்தக் கிழமை எபிசோட்டில செப்புக் கம்பி லைன்கள் மூடப்படுறதைப் பற்றிக் கதைச்சோம். பிரித்தானியாவில் 2023 செப்டம்பரோட பழைய லைன்களைப் புதிதாக விற்பது நின்றுவிட்டது. மிச்சம் இருக்கிறதுக்கு 2027 ஜனவரி 31 வரைதான் ஆயுள். முதலில 2025 டிசம்பர் எண்டு சொன்னவை, பிறகு தள்ளிப் போட்டவை. உங்கட அப்பான்ட கடை, மாமியின்ட சலூன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியின்ட ஒஃபிஸ் எல்லாம் இன்டர்நெட் போனுக்கு மாறிட்டுது, இல்லாட்டி மாறப் போகுது.

எபிசோட்டில நேரம் போதாததால ஒரு விஷயத்தை இங்க எழுதுறன் எண்டு சொல்லியிருந்தன். மாறின பிறகு ஒரு சின்னப் பெட்டி சுவரில தொங்கும். அதின்ட செட்டிங்ஸ் பக்கத்தில ‘சிப் சேர்வர்’ எண்டு ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள்ள 203.0.113.10 மாதிரி ஒரு எண்ணை எழுதலாம், சிப்.எக்ஸாம்பிள்.காம் மாதிரி ஒரு பெயரையும் எழுதலாம். இரண்டுமே முதல் நாள் வேலை செய்யும். வித்தியாசம் தெரிய இரண்டு வருசம் எடுக்கும். தெரியிற நாள் நல்ல நாளா இருக்காது.

(203.0.113 எண்டு தொடங்கிற எண்களும், எக்ஸாம்பிள்.காம் எண்ட டொமைனும் உதாரணம் காட்டவெண்டே ஒதுக்கி வைச்சவை. ஆருடைய உண்மையான சேர்வரும் இல்லை.)

ஒரு திங்கட்கிழமை

ஜனவரி கடைசியில ஒரு சின்னக் கணக்காளர் ஒஃபிஸில இருந்து கூப்பிட்டவை. ஏழு பேர் வேலை செய்யிற இடம். ஜனவரி 31 வரிக் கணக்குக் காலக்கெடுவுக்கு நாலு நாள்தான் மிச்சம். அந்தக் கிழமையில அவையின்ட போன் ஓயாது. ஆனா அண்டைக்குக் காலையில ஒரு கோலும் வரேல்லை. இரண்டு மணித்தியாலமா ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. ஒரு வாடிக்கையாளர் நேர வந்து “ஏன் போன் எடுக்கிறியள் இல்லை?” எண்டு கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கினது.

இன்டர்நெட் நல்லா வேலை செய்தது. வைஃபை, ஈமெயில், பிரின்டர் எல்லாம் சரி. கேட்வேயில மட்டும் லைன் லைட் அணைஞ்சு கிடந்தது. செட்டிங்ஸைத் திறந்தால் சிப் சேர்வர் கட்டத்தில ஒரு எண். அந்தச் சேவை நிறுவனம் சனி, ஞாயிறில தன்ட சேர்வர்களை வேறொரு டேட்டா சென்டருக்கு மாத்தியிருந்தது. ஆறு கிழமைக்கு முதலே அறிவித்தல் அனுப்பினவை. அது போய்ச் சேர்ந்தது முதலில பெட்டியைப் பூட்டிக் குடுத்த ஆளின்ட ஈமெயிலுக்கு. அவர் அந்தத் தொழிலை விட்டு எப்பவோ போயிட்டார்.

எண்ணை அழிச்சுப் பெயரை எழுதப் பத்து நிமிசம். அந்தக் காலையில எத்தனை பேர் அடிச்சுப் பார்த்து, பதில் இல்லாம வேற கணக்காளரிட்டப் போனவை எண்டு கண்டுபிடிக்க வழியே இல்லை. வராத கோல் எங்கேயும் பதிவாகாது. போன் பிரச்சினைகளில இதுதான் மோசமான குணம்: வெப்சைட் விழுந்தால் நாலு பேர் சொல்லுவினம். போன் விழுந்தால் அதைச் சொல்ல வேண்டிய வழியே அதுதான்.

முதலில, கேட்வே எண்டால் என்ன?

வொய்ப் கேட்வே ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. ஒரு பக்கம் பழைய உலகம்: சாதாரண போன், ஃபக்ஸ், லிஃப்ட்டுக்குள்ள இருக்கிற அவசரப் போன், கள்வர் அலார்ம். மற்றப் பக்கம் இன்டர்நெட். வீட்டுக்கு வாற ஒன்றிரண்டு போர்ட் உள்ள குட்டிப் பெட்டியை ஏடிஏ எண்டு சொல்லுவினம். ஒஃபிஸுக்கு 4, 8, 24 போர்ட் உள்ள பெரியது வரும்.

போர்ட் இரண்டு வகை. போனைச் செருகிறது எஃப்எக்ஸ்எஸ். வெளியில இருந்து வாற லைனைச் செருகிறது எஃப்எக்ஸ்ஓ. கடைசி எழுத்தை வைச்சு ஞாபகம் வைச்சிருக்கலாம்: எஸ் எண்டால் ஸ்டேஷன், அதாவது போன் இருக்கிற இடம். ஓ எண்டால் ஒஃபிஸ், அதாவது எக்ஸ்சேஞ்ச்.

இன்டர்நெட் பக்கத்தில கேட்வே பேசுற மொழி சிப். இப்ப பாவனையில இருக்கிற வடிவம் 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 ஆக வெளிவந்தது. சிப்பின்ட வேலை கோலைத் தொடங்குறது, மணி அடிக்க வைக்கிறது, முடிக்கிறது. குரல் அதுக்குள்ள போறதில்லை. குரலுக்கு ஆர்டிபி எண்டு வேறொரு பாதை. இந்தப் பிரிவை மறக்காதீங்கோ, பிறகு உதவும்.

கேட்வே வேலையைத் தொடங்கினதும் முதலில செய்யிறது ‘ரெஜிஸ்டர்’. “இந்த நம்பருக்கு ஆரும் அடிச்சால் என்னை இந்த இடத்தில பிடிக்கலாம்” எண்டு சேவை நிறுவனத்தின்ட சேர்வரிட்டச் சொல்லி வைக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருக்கா அதைத் திரும்பச் சொல்ல வேணும். பல பெட்டிகளில அது 3600 செக்கன், ஒரு மணித்தியாலம். சொல்லேல்லை எண்டால் சேர்வர் உங்களை மறந்திடும், உங்களுக்கு வாற கோல் வொய்ஸ்மெயிலுக்கோ காத்துக்கோ போயிடும். அந்த ஒஃபிஸில நடந்தது இதுதான். பெட்டி ஆளில்லாத ஒரு முகவரிக்கு விடாம ரெஜிஸ்டர் அனுப்பிக்கொண்டே இருந்தது.

பெயருக்குப் பின்னால என்ன இருக்கு?

உங்கட போனில அம்மாவின்ட நம்பர் ‘அம்மா’ எண்டுதான் இருக்கும். அம்மா நம்பர் மாத்தினால், அவவின்ட நம்பரை வைச்சிருக்கிற ஒவ்வொருவரும் தங்கட போனில மாத்த வேணும். இப்ப, அம்மாவே ஒரு இடத்தில மாத்தினால் எல்லாருடைய போனிலயும் தானா மாறும் எண்டு நினைச்சுப் பாருங்கோ. டிஎன்எஸ் எண்டால் அதுதான்.

இது வாறதுக்கு முதல், ஆர்ப்பாநெட் காலத்தில, எல்லாக் கணினிகளின்ட பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில இருந்தது. கலிஃபோர்னியாவில இருந்த எஸ்ஆர்ஐ ஆய்வு நிலையத்தில எலிசபெத் ஃபைன்லரின்ட குழு அதைப் பராமரிச்சது. மற்ற ஆக்கள் அதைக் கொப்பி பண்ணி எடுப்பினம். கணினிகள் பெருகப் பெருக அது சமாளிக்கேலாமப் போனது. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சார். கேட்வேயில எண்ணைக் கையால எழுதுற ஆள், தெரியாமலே 1983க்கு முந்தின உலகத்துக்குத் திரும்பிப் போறார்.

கேட்வேக்கு முக்கியமான பதிவுகள் மூண்டு.

*ஏ ரெக்கோர்ட்.* பெயரைக் குடுத்தால் ஐபி எண்ணைத் தரும். ஐபிவி6க்கு இதின்ட உறவினர் நாலு ஏ. அவ்வளவுதான்.

*எஸ்ஆர்வி ரெக்கோர்ட்.* இதுதான் சுவாரசியமானது. ஆர்எஃப்சி 2782, 2000ஆம் ஆண்டு. “இந்த டொமைனுக்கு சிப் சேவை எங்க இருக்கு?” எண்டு கேட்டால், சேர்வரின்ட பெயர், போர்ட், முன்னுரிமை, எடை எண்ட நாலையும் தரும். முன்னுரிமை எண் குறைஞ்சதுதான் முதலில. உதாரணமா லண்டன் சேர்வருக்கு 10, மான்செஸ்டர் சேர்வருக்கு 20 எண்டு போட்டிருந்தால், எல்லாரும் லண்டனுக்குப் போவினம். லண்டன் விழுந்தால் மட்டும் மான்செஸ்டர். முன்னுரிமை ஒன்றாயிருக்கிற இரண்டு சேர்வருக்கு எடை 60, 40 எண்டு போட்டால் சுமை கிட்டத்தட்ட அந்த அளவில பிரியும்.

*நாப்டர்.* “யுடிபியா, டிசிபியா, டிஎல்எஸ்ஸா, எதில வாறது விருப்பம்?” எண்டு டொமைன் தானே சொல்லுறது. எல்லா நிறுவனமும் வைச்சிருக்கிறதில்லை. இல்லாட்டியும் குறையில்லை.

எது முதல், எது பிறகு எண்ட ஒழுங்கை 2002இல் வந்த ஆர்எஃப்சி 3263 சொல்லுது. முதலில நாப்டர், அது இல்லாட்டி எஸ்ஆர்வி, அதுவும் இல்லாட்டி ஏ ரெக்கோர்ட். இதில ஒரு விதிவிலக்கு இருக்கு, கீழ வருது. நான் பார்த்த பிழைகளில பாதிக்கு மேல அதுக்குள்ளதான்.

செட்டிங்ஸ் பக்கத்தில, ஒழுங்கா

பிராண்டுக்குப் பிராண்ட் கட்டங்களின்ட பெயர் மாறும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி வரிசைப் பெட்டிகளில ‘டிஎன்எஸ் மோட்’ எண்டு ஒரு தெரிவு இருக்கும். ஓடியோகோட்ஸில ‘ப்ரொக்ஸி செட்’ எண்ட அட்டவணைக்குள்ள வரும். சிஸ்கோ ரௌட்டரில டயல் பியரின்ட ‘செஷன் டார்கெட்’ வரியில ‘ஐபிவி4’ எண்டதுக்குப் பதிலா ‘டிஎன்எஸ்’ எண்டு போட்டுப் பெயரை எழுத வேணும். உள்ளுக்குள்ள வேலை ஒண்டுதான்.

1. டிஎன்எஸ் சேர்வரை முதலில பாருங்கோ. பெயரை எண்ணாக மாத்தித் தாற ஆளின்ட முகவரியைப் பெயரால எழுதேலாது. அங்க மட்டும் எண் வேணும். கேட்வேக்கு டிஎச்சிபி மூலம் முகவரி வந்தால் இது தானா வந்திடும். நிலையான ஐபி குடுத்த பெட்டிகளில இந்தக் கட்டம் வெறுமையாக் கிடக்கும். பெயரை எழுதின உடன வேலை செய்யாது, ஆள் வெறுத்துப்போய் எண்ணைப் போட்டுட்டுப் போயிடுவார். சேவர்களில எண்கள் இருக்கிறதுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டு டிஎன்எஸ் சேர்வர் குடுங்கோ, இரண்டும் ஒரே பெட்டியா இருக்கக் கூடாது. ஒஃபிஸ் ரௌட்டர் ஒண்டு, 1.1.1.1 அல்லது 8.8.8.8 மாதிரிப் பொதுச் சேர்வர் ஒண்டு எண்டு வைக்கலாம். உள்ளுக்குள்ள மட்டும் தெரிஞ்ச பெயர்களைப் பாவிச்சால் பொதுச் சேர்வருக்கு அது தெரியாது, அப்ப இரண்டுமே உள்ளுக்குள்ள இருக்க வேணும்.

2. ‘சிப் சேர்வர்’ வேற, ‘அவுட்பவுண்ட் ப்ரொக்ஸி’ வேற. முதலாவது கடித உறையில எழுதுற பெயர். இரண்டாவது அந்த உறையைக் கொண்டுபோய்க் குடுக்கிற தபாற் கந்தோர். ஒரே சேர்வரில நூறு கொம்பனிகளை வைச்சிருக்கிற நிறுவனங்கள் உறையில உள்ள டொமைனைப் பார்த்துத்தான் நீங்கள் ஆர் எண்டு கண்டுபிடிக்கும். அங்க எண்ணை எழுதினால் பாஸ்வேர்ட் சரியா இருந்தாலும் 403 அல்லது 404 எண்டு திருப்பி அனுப்பும். நிறுவனம் ஒரே ஒரு பெயர்தான் தந்திருந்தால் அதை முதலாவது கட்டத்தில எழுதி, இரண்டாவதை வெறுமையா விடுங்கோ.

3. போர்ட்டைத் தொட முதல் யோசியுங்கோ. மேல சொன்ன விதிவிலக்கு இதுதான். பெயருக்குப் பின்னால 5060 எண்டு போர்ட்டை எழுதினால், ஆர்எஃப்சி 3263 சொல்லுறபடி கேட்வே எஸ்ஆர்வியைத் தேடவே தேடாது, நேர ஏ ரெக்கோர்டுக்குப் போகும். அதாவது லண்டன் விழுந்தால் மான்செஸ்டர் எண்ட ஏற்பாடு உங்களுக்கு இல்லை. 5060தானே வழக்கமான போர்ட், எழுதினால் என்ன எண்டு நினைச்சு எழுதுறது. எஸ்ஆர்வி வேணும் எண்டால் போர்ட்டை விடுங்கோ. சில பெட்டிகளில போர்ட்டுக்குத் தனிக் கட்டம் இருக்கும், அங்க என்ன செய்ய வேணும் எண்டு அந்தப் பெட்டியின்ட கையேட்டைப் பாருங்கோ.

4. டிஎன்எஸ் மோட். நிறுவனம் எஸ்ஆர்வி வைச்சிருக்கு எண்டால் எஸ்ஆர்வி. இல்லாட்டி ஏ ரெக்கோர்ட். வைச்சிருக்கா எண்டு நீங்களே பார்க்கலாம். கணினியில ‘டிக்’ அல்லது ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையில எஸ்ஆர்வி வகையைக் கேளுங்கோ. பெயருக்கு முன்னால அடிக்கோடு போட்டு சிப், புள்ளி, அடிக்கோடு போட்டு யுடிபி, புள்ளி, பிறகு டொமைன். பதிலில நாலு விஷயமும் வந்தால் இருக்கு. டிஎல்எஸ் எண்டால் ‘சிப்ஸ்’, ‘டிசிபி’ எண்டு கேக்க வேணும்.

5. நேரம். டிஎல்எஸ் பாவிக்கிறியள் எண்டால் கேட்வேயின்ட மணிக்கூடு சரியா இருக்க வேணும். மின்சாரம் போய் வந்த பிறகு மணிக்கூடு பல வருசம் பின்னால போயிருந்தால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கேல்லை எண்டு நினைச்சு இணைப்பை மறுக்கும். நேரத்தைத் தாற என்டிபி சேர்வருக்கும் பெயர்தான் எழுதுவியள், ஆகவே முதலாவது படி சரியில்லாட்டி இதுவும் விழும்.

பெயரை எழுதின பிறகும் சறுக்கிற இடங்கள்

*32 செக்கன்.* சேர்வர் பதில் சொல்லாட்டி சிப் உடனே கைவிடாது. வழக்கமான அளவில முதல் காத்திருப்பு அரை செக்கன், மொத்தக் காத்திருப்பு அதின்ட 64 மடங்கு, அதாவது 32 செக்கன். யுடிபியில லண்டன் சத்தமில்லாம விழுந்தால், மான்செஸ்டருக்குப் போக முதல் ஒரு ஆள் 32 செக்கன் அமைதியைக் கேட்டுக்கொண்டிருக்க வேணும். ஒருவரும் இருக்க மாட்டினம். ‘ஒப்ஷன்ஸ்’ எண்ட சிறு செய்தியை இடைக்கிடை அனுப்பிச் சேர்வர் உயிரோட இருக்கா எண்டு பார்க்கிற வசதி பல கேட்வேயில இருக்கு. அதைப் போட்டால், விழுந்தது கோல் வர முதலே தெரிஞ்சிடும்.

*ஒருக்காக் கேட்டதைப் பிடிச்சு வைக்கிறது.* ஒவ்வொரு டிஎன்எஸ் பதிலோடயும் டிடிஎல் எண்டு ஒரு ஆயுள் வரும். 300 எண்டால் ஐந்து நிமிசம், 86400 எண்டால் ஒரு நாள். அது முடிஞ்சால் திரும்பக் கேக்க வேணும். சில பழைய கேட்வேக்கள் ஒன் பண்ணும்போது ஒருக்காக் கேட்டுட்டு, திரும்ப ஒன் பண்ணும் வரைக்கும் அதையே வைச்சிருக்கும். அப்பிடியான பெட்டியில பெயர் எழுதினாலும், உண்மையில நீங்கள் எண்ணைத்தான் எழுதியிருக்கிறியள். ஃபேர்ம்வேர் அப்டேட் இருக்கா எண்டு பாருங்கோ. இல்லாட்டி, நிறுவனம் மாத்திற நாளில ரீஸ்டார்ட் பண்ண வேணும் எண்டு எழுதி வையுங்கோ.

*ஃபயர்வோல்.* கேட்வே மாறினாலும் ஃபயர்வோல் விதியில பழைய எண் இருந்தால் பிரயோசனம் இல்லை. “சிப் சேர்வரில இருந்து மட்டும் கோலை ஏற்றுக்கொள்” எண்ட தெரிவு சில கேட்வேயில இருக்கு. மோசடிக் கோல்களைத் தடுக்க அது நல்லது. ஆனா எஸ்ஆர்வியில நாலு சேர்வர் இருந்து, நீங்கள் ரெஜிஸ்டர் பண்ணாத ஒண்டில இருந்து கோல் வந்தால் அதைத் தள்ளி விடும். வெளியில போற கோல் சரி, உள்ள வாறது சில நேரம் மட்டும் வரும் எண்ட விசித்திரத்துக்கு இது ஒரு காரணம். நிறுவனத்திட்ட முழு ஐபி வரிசையைக் கேட்டு ஃபயர்வோலில போடுங்கோ. குரல் வாற எண்கள் வேறயா இருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கோ. அதைப் போடாட்டி மணி அடிக்கும், எடுத்தால் சத்தம் வராது.

*சொந்தப் பெயர்.* “கிளையன்டின்ட டொமைனிலயே ஒரு பெயர் வைச்சு, அதை நிறுவனத்தின்ட பெயருக்குத் திருப்பி விடலாமே, பிறகு நிறுவனம் மாறினாலும் கேட்வேயைத் தொடத் தேவையில்லை” எண்டு யோசிப்பியள். நல்ல யோசனை. ஆனா அதை அவுட்பவுண்ட் ப்ரொக்ஸியில மட்டும் வையுங்கோ. சிப் சேர்வர் கட்டத்தில நிறுவனத்தின்ட பெயரே இருக்கட்டும். டிஎல்எஸ் எண்டால் சான்றிதழில உங்கட பெயர் இருக்காது, இணைப்பு மறுக்கப்படலாம்.

டிஎல்எஸ் வந்தால் பேச்சுக்கே இடமில்லை

எண்ணோட இழுத்துப் பறிக்கிற காலம் தானா முடியுது, காரணம் டிஎல்எஸ். சான்றிதழ் எண்டால் “நான்தான் இந்தப் பெயருக்குரிய ஆள்” எண்ட அடையாள அட்டை. நீங்கள் எண்ணைச் சொல்லிப் போனால், அட்டையில உள்ள பெயரை எதோட ஒப்பிடுறது? ஒண்டில் இணைப்பு விழும், இல்லாட்டி ஆரோ ‘சான்றிதழைச் சரிபார்’ எண்ட டிக்கை எடுத்துவிடுவினம். இரண்டாவது மோசம். பூட்டுப் போட்டுச் சாவியைக் கதவிலயே விடுறது மாதிரி.

மைக்ரோசொஃப்ட் டீம்ஸை வெளி லைனோட இணைக்கிற ‘டிரெக்ட் ரூட்டிங்’ இதுக்கு நல்ல உதாரணம். அங்க உங்கட பக்கப் பெட்டிக்கே ஒரு முழு டொமைன் பெயர் வேணும், எண் எடுபடாது. அந்தப் பெயர் உங்கட சொந்த டொமைனில இருக்க வேணும், மைக்ரோசொஃப்ட் இலவசமாத் தாற டொமைனில இருக்கேலாது. அவையின்ட பக்கமும் மூண்டு பெயர் தருவினம். முதலாவது, இரண்டாவது, மூண்டாவது எண்ட அதே ஒழுங்கில போட வேணும், போர்ட் 5061. எந்தப் பெயர் எந்த எண்ணுக்குப் போகுது எண்டு அவை தங்கட வசதிக்கு மாத்துவினம். உங்களிட்டக் கேக்க மாட்டினம், கேக்கத் தேவையும் இல்லை.

மற்றப் பக்க நியாயம்

எண்ணுக்கு ஆதரவான ஆக்களிட்டயும் ஒரு வலுவான கதை இருக்கு. 2021 செப்டம்பரில் கனடாவில வொய்ப்.எம்எஸ் எண்ட நிறுவனத்தைக் கப்பம் கேட்டுத் தாக்கினவை. போலி டிராஃபிக்கை வெள்ளமா அனுப்பிச் சேர்வர்களைத் திணறடிக்கிற தாக்குதல். டிஎன்எஸ் வேலை செய்யேல்லை. பெயரை எழுதி வைச்சிருந்த வாடிக்கையாளர்களின்ட போன்கள் நின்றன. கணினியில உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில எண்ணைக் கையால எழுதச் சொல்லி நிறுவனமே அறிவுறுத்தினது. அதாவது, 1983க்கு முந்தின வைத்தியம்.

அதுக்குப் பிறகு நடந்ததையும் பாருங்கோ. தாக்கின ஆக்கள் அந்த எண்ணையே நேராத் தாக்கத் தொடங்கினவை. பிறகு நிறுவனம் தன்ட வெப்சைட்டையும் டிஎன்எஸ்ஸையும் கிளவுட்ஃபிளேர் பாதுகாப்புக்குப் பின்னால கொண்டுபோனது. இந்தச் சம்பவத்தில நான் எடுக்கிற பாடம் இது: டிஎன்எஸ்ஸும் விழும், அதை மறுக்கேலாது. ஆனா நிறுவனம் ஓடித் தப்ப வேண்டிய நேரத்தில, அது புது இடத்துக்குப் போறதைப் பெயரைப் பாவிக்கிற ஆள்தான் தொடரலாம்.

எண்ணே சரி எண்ட இடங்களும் உண்டு. ஒரே ஒஃபிஸுக்குள்ள, ஒரே சுவிட்சில கேட்வேயும் பிபிஎக்ஸும் பக்கத்தில பக்கத்தில இருந்து, இரண்டின்ட முகவரியும் உங்கட கையிலேயே இருக்கு எண்டால் எண் போதும். அங்க பெயர் வைச்சால், டிஎன்எஸ் பெட்டி விழுற நாளில உள் கோலும் சேர்ந்து விழும். நிறுவனத்தோட தனி இணைப்பு வைச்சு, அந்தப் பாதையில டிஎன்எஸ்ஸே இல்லாத இடங்களும் அப்பிடித்தான். கேக்க வேண்டிய கேள்வி ஒண்டுதான்: அந்த எண்ணை மாத்திற அதிகாரம் ஆரிட்ட இருக்கு? உங்களிட்ட எண்டால் எண் எழுதலாம். வேறொருவரிட்ட எண்டால் பெயர்.

வேலை செய்யுதா எண்டு பார்க்கிறது

ரெஜிஸ்டர் லைட் பச்சையா வந்ததும் பெட்டியை மூடிட்டுப் போகாதீங்கோ. நான் செய்யிற சோதனைகள் இவை:

- கேட்வேயை ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்கோ. தானா ரெஜிஸ்டர் ஆகுதா? மின்சாரம் போய் வரும்போது ரௌட்டரை விடக் கேட்வே முதலில எழும்பும், அப்ப டிஎன்எஸ் இன்னும் தயாரா இருக்காது. ஒருக்காத் தோத்ததும் கைவிடாம திரும்பக் கேக்குதா எண்டு பாருங்கோ.
- முதலாவது டிஎன்எஸ் சேர்வரைத் தற்காலிகமாத் தடுங்கோ. இரண்டாவதுக்குப் போகுதா?
- எஸ்ஆர்வி எண்டால், முதலாவது சேர்வரின்ட எண்ணை ஃபயர்வோலில தடுத்துட்டு ஒரு கோல் அடியுங்கோ. எத்தனை செக்கனில இரண்டாவதுக்குப் போகுது எண்டு மணிக்கூட்டைப் பார்த்து எழுதி வையுங்கோ.
- வயர்ஷார்க்கில போர்ட் 53ஐப் பாருங்கோ. டிடிஎல் முடிஞ்ச பிறகு கேட்வே திரும்பக் கேக்குதா? கேக்கேல்லை எண்டால் மேல சொன்ன ‘பிடிச்சு வைக்கிற’ வகைப் பெட்டி அது.
- உள்ள வாற கோல் ஒண்டு, வெளியில போற கோல் ஒண்டு, இரண்டும் ஐந்து நிமிசமாவது. இரண்டு பக்கமும் சத்தம் கேக்க வேணும்.

இதையெல்லாம் வேலை நேரம் முடிஞ்ச பிறகு செய்யுங்கோ. தடுத்ததைத் திரும்ப எடுக்க மறக்காம ஒரு தாளில எழுதி வைச்சுக் கோடு போடுங்கோ.

வீட்டில, கடையில

இதை வாசிக்கிற உங்களில பலர் வொய்ப் வேலை செய்யிற ஆக்கள் இல்லை. ஆனா குடும்பத்தில ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை’ நீங்கள்தான். போன் நின்றால் உங்களைத்தான் கூப்பிடுவினம், அதுவும் வாட்ஸ்அப்பில. அதுக்கு முதல் ஒரு ஞாயிறு பின்னேரம் மூண்டு விஷயம் பாருங்கோ.

ஒண்டு, சிப் சேர்வர் கட்டத்தில என்ன இருக்கு? எண் எண்டால், நிறுவனத்தின்ட கையேட்டில உள்ள பெயரைப் போடுங்கோ. மாத்த முதல் பழைய செட்டிங்ஸைக் கோப்பா இறக்கி வையுங்கோ.

இரண்டு, நிறுவனத்தின்ட அறிவித்தல் எந்த ஈமெயிலுக்குப் போகுது? அப்பா பார்க்காத பழைய ஈமெயிலா, எப்பவோ வந்து பூட்டிக் குடுத்த ஆளின்டயா? உங்கட முகவரியையும் சேர்த்து விடுங்கோ. அந்தக் கணக்காளர் ஒஃபிஸில பெயர் இருந்திருந்தாலும், அறிவித்தல் சரியான ஆளிட்டப் போயிருந்தாலும், இரண்டில ஒண்டு போதும், அந்தக் காலை தப்பியிருக்கும்.

மூண்டு, அந்தப் பெட்டியில வேற என்ன தொங்குது? பழைய செப்பு லைன் மின்சாரத்தைத் தானே கொண்டுவந்தது, கரண்ட் போனாலும் போன் வேலை செய்தது. கேட்வே அப்பிடி இல்லை. அம்மம்மா கழுத்தில போடுற அவசர அலார்ம் அந்த லைனில இருந்தால் இது விளையாட்டு இல்லை. அப்பிடியான அலார்ம்கள் வேலை செய்யாமப் போன சம்பவங்களுக்குப் பிறகுதான், 2023 டிசம்பரில் பிரித்தானியக் கொம்பனிகள் அரசோட ஒரு உடன்பாட்டுக்கு வந்து, ஆக்களைக் கேக்காம மாத்திறதை இடைநிறுத்தினவை. வேற வழியில அவசர இலக்கத்தைக் கூப்பிடேலாத ஆக்களுக்கு, கரண்ட் போனால் ஒரு மணித்தியாலமாவது கூப்பிட ஒரு ஏற்பாடு குடுக்க வேணும் எண்டு ஒஃப்கொம் சொல்லுது. அதைக் கேட்டு வாங்குங்கோ. அலார்ம் கொம்பனியையும் கூப்பிட்டு, அவையோட சேர்ந்து பட்டனை அமத்திப் பாருங்கோ.

உங்கட பெட்டியில கட்டத்தின்ட பெயர் வேற மாதிரி இருந்து விளங்காட்டி, இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. ஸ்கிரீன்ஷொட் அனுப்பினால் பாஸ்வேர்டை மறைச்சு அனுப்புங்கோ, ஒவ்வொரு முறையும் ஒருவராவது மறக்கினம். அடுத்த மடலில, ஒரு சின்ன ஒஃபிஸுக்கு உள் டிஎன்எஸ் வைக்கிறது எப்பிடி எண்டு பார்ப்பம்.